உடைக்கச் சொல்வதே கொத்தனார்தான்!

போன வாரம் ஒரு வாசகியின் முதுகுவலிக் கேள்விக்கு, ‘எல்லாம் எலும்பரிக்கும் செல்களின் வேலை’ என்று ஒரு வரி எழுதி நழுவப் பார்த்தேன். விட்டீர்களா? ‘அந்தச் செல்லுக்கு யார் உத்தரவு கொடுத்தது?’ என்று மூட்டை மூட்டையாகக் கடிதம். ஆகவே இந்த வாரம் முழுக்க எலும்பு. சைவ வாசகர்கள் மன்னிக்கவும்.

கட்டட மேஸ்திரி, காரைக்குடி: எலும்பு ஒருமுறை கெட்டிப்பட்டால் ஆயுசுக்கும் அதேதானே மாமா?

அதே இல்லை மேஸ்திரி. உடம்புக்குள் ஒரு நெடுஞ்சாலைத் துறை இருக்கிறது. எங்காவது தோண்டிக்கொண்டேதான் இருக்கும். வளர்ந்தவர்களின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. நம் துறையோடு ஒரே வித்தியாசம், இங்கே பள்ளத்தை மூடவும் ஆள் வருகிறார்கள்.

தமிழாசிரியை, தஞ்சாவூர்: தோண்டுகிறவருக்குப் பெயர் உண்டா?

ஆஸ்டியோகிளாஸ்ட். கிரேக்கத்தில் ‘எலும்பை உடைப்பவன்’. 1873-ல் கோலிக்கர் என்ற சுவிஸ் உடற்கூற்று அறிஞர் வைத்த பெயர். நாம் எலும்பரிப்பான் என்போம். எதிரணியில் எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட். அவரைக் கொத்தனார் என்றே அழைக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோலிக்கருக்கு வெகுகாலம் முன்பே லண்டன் அறுவை மருத்துவர் ஹௌஷிப், எலும்பில் உள்ள பள்ளங்களைப் பார்த்து எழுதிவிட்டார். இன்றும் அவை ‘ஹௌஷிப் பள்ளங்கள்’. தோண்டியது ஒருவர், கல்வெட்டில் பெயர் இன்னொருவருக்கு. அங்கேயும் அப்படித்தான்.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: எலும்பரிப்பான் எலும்பிலேயே பிறக்கிறதா?

பிறப்பு ரத்த வம்சத்தில். கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜுக்கு நெருங்கிய பங்காளி. மஜ்ஜையில் தோன்றும் சின்னச் சின்ன முன்னோடிச் செல்கள் எலும்பின் மேல் கூடி, ஒன்றோடொன்று கலந்து ஒரே பூதமாகும். ஒரு பூதத்துக்குள் 5 முதல் 20 உட்கருக்கள் சகஜம். பேஜட் நோய் என்ற எலும்புக் கோளாறில் நூறைத் தொடுவதும் உண்டு. தொகுதிப் பங்கீட்டுத் தகராறே இல்லாத கூட்டணி.

சாட்சி வேண்டுமா? 1980-ல் ஒரு பெண் குழந்தைக்கு அவள் அண்ணனின் மஜ்ஜையை ஏற்றினார்கள். பிறகு அவள் எலும்பில் பார்த்தால், எலும்பரிப்பான்களில் அண்ணனின் ஒய் குரோமோசோம்! கொத்தனார்கள் மட்டும் அவளுடையவர்களாகவே இருந்தார்கள்.

இல்லத்தரசி, ஈரோடு: செல்லுக்கு உத்தரவு வருவது ‘ஏற்பி’ வழியாக என்கிறார்களே, அது என்ன?

செல்லின் தோலில் பதித்த காலிங் பெல். பாடப்புத்தகம் பூட்டு, சாவி என்று சொல்லும். எனக்கு அதில் சம்மதமில்லை. சாவி போட்டவர் உள்ளே வருவார். இங்கே வந்தவர் வாசலிலேயே நிற்பார், ஓசை மட்டும்தான் உள்ளே போகும்.

அதே இல்லத்தரசி: எலும்பரிப்பான் வீட்டில் எத்தனை பெல்?

நிறைய உண்டு. ஆனால் பிறவி எடுக்கவே இரண்டு வேண்டும். முதலாவது ‘சி-எஃப்எம்எஸ்’. அதை அழுத்துவது எம்-சிஎஸ்எஃப் என்ற புரதம். ‘பிழைத்திரு, பெருகு’ என்பது அதன் சேதி. அந்தப் புரதத்தின் மரபணு கெட்டுப்போன ஓர் எலி இனம் உண்டு. எலும்பரிப்பான் கிட்டத்தட்ட இல்லை, எலும்பு அடைத்துக்கொண்டது, பல்லும் முளைக்கவில்லை. காரணம் அந்த மரபணுதான் என்று 1990-ல் தெரிந்தது.

இரண்டாவது பெல்தான் கதாநாயகன்: ‘ரேங்க்’. ‘நீ எலும்பரிப்பான் ஆகு’ என்று சொல்வது இதுதான். முதல் பெல் சோறு போடும். இரண்டாவது வேலைக்கு அனுப்பும்.

பத்தாம் வகுப்பு மாணவி, பழனி: ரேங்க்கா? ரேங்க் கார்டில் வருகிற ரேங்க்கா?

அதற்கும் இதற்கும் உள்ள ஒரே ஒற்றுமை, இரண்டும் வீட்டில் உடைசலைக் கிளப்பும். ‘என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தைக் கிளப்பிவிடும் ஏற்பி’ என்பதன் சுருக்கம் ரேங்க். அந்த கப்பா-பியை 1986-ல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் நோயெதிர்ப்புச் செல்களில் கண்டுபிடித்தார்கள். ரேங்க்கையும் அதை அழுத்தும் விரலையும் 1997-ல் பெயரிட்டு எழுதியவர்களும் நோயெதிர்ப்பு ஆட்கள்தான். எலும்பைப் பற்றி யாரும் கனவுகூடக் காணவில்லை.

பதிவுத்துறை ஊழியர், பட்டுக்கோட்டை: அந்த விரலுக்கு நாலு பெயர் என்று படித்தேன். மோசடி ஏதும் உண்டா?

நம் வீட்டுப் பிள்ளைக்கு ஜாதகப் பெயர், பள்ளிக்கூடப் பெயர், கூப்பிடும் பெயர், ரேஷன் கார்டில் தப்பாக அச்சான பெயர் என்று நாலு இல்லையா? நோயெதிர்ப்புக்காரர்கள் ‘ட்ரான்ஸ்’ என்றும் ‘ரேங்க்-எல்’ என்றும் வைத்தார்கள். எலும்புக்காரர்கள் ‘ஓபிஜி-எல்’, ‘ஓடிஎஃப்’ என்றார்கள். 1998-ல் நாலு ஜாதகத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பிள்ளை ஒன்றே! கடைசியில் நிலைத்தது ரேங்க்-எல்.

ஓய்வுபெற்ற துப்பறியும் காவலர், திருச்சி: யார், எப்படிப் பிடித்தார்கள்? வழக்கு விவரம் தேவை.

ஐயா, இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

1981-ல் அமெரிக்காவிலிருந்து ராடன், ஆஸ்திரேலியாவிலிருந்து மார்ட்டின் இருவரும் ஒரு சந்தேகத்தை எழுதினார்கள்: ‘எலும்பைக் கரைக்கும் உத்தரவு, எலும்பைக் கட்டும் செல் வழியாகத்தான் போகிறது.’ திருடனைப் பிடிக்கப் போய் வாட்ச்மேன் மேல் சந்தேகம் வந்த மாதிரி.

1988-ல் டோக்கியோவின் ஷோவா பல்கலைக்கழகத்தில் தகாஹாஷி, சுதா குழுவினர் எலியின் கொத்தனார் செல்களையும் மண்ணீரல் செல்களையும் ஒரே தட்டில் வளர்த்து, வைட்டமின் டி ஊற்றினார்கள். எலும்பரிப்பான் பிறந்தது. நடுவே ஒரு மெல்லிய சவ்வைத் தடுப்பாக வைத்தார்கள். பிறக்கவில்லை. ஆக, தொட்டால்தான் காரியம். கொத்தனாரின் தோலில் ஏதோ ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது என்னவென்றுதான் தெரியவில்லை.

1997-ல் வழக்கு திசை மாறியது. கலிஃபோர்னியாவின் ஆம்ஜென் நிறுவனம், எலிக்கருவின் குடலில் கிடைத்த ஊர்பேர் தெரியாத ஒரு மரபணுவைச் சுண்டெலிகளுக்குள் அதிகமாகச் சுரக்க வைத்தது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பெல்லாம் வெள்ளை வெளேர் என்று அடர்த்தி! அதே சமயம் ஜப்பானில், ஸ்னோ பிராண்ட் என்ற நிறுவனம் எலும்பரிப்பானைத் தடுக்கும் ஒரு புரதத்தை மனித நுரையீரல் செல்களிலிருந்து வடித்தெடுத்தது. இரண்டும் ஒரே சரக்கு: ஓபிஜி. அடுத்த ஆண்டே இரு தரப்பும் அதைத் தூண்டிலாகப் போட்டு, அதில் வந்து மாட்டும் விரலை இழுத்தார்கள். வெளியே வந்தது ரேங்க்-எல்.

ஸ்னோ பிராண்ட் என்ன கம்பெனி தெரியுமா? பால் கம்பெனி. ‘எலும்புக்கு நல்லது’ என்று விளம்பரம் செய்யும் தகுதி உலகத்தில் ஒரு பால் கம்பெனிக்காவது உண்டு.

குமாஸ்தா, கும்பகோணம்: ஓபிஜி என்ன வேலை செய்கிறது?

பெயரிலேயே இருக்கிறதே, ஓ.பி.!

முழுப்பெயர் ஆஸ்டியோபுரோடெகெரின், அதாவது எலும்பைக் காப்பது. இதுவும் ஏற்பிதான், ரேங்க்-எல்லைப் பிடித்துக்கொள்ளும் முகவெட்டு அப்படியே இருக்கிறது. ஆனால் செல்லின் தோலில் ஊன்றிக்கொள்ளக் கால் கிடையாது. திரவத்தில் மிதந்தபடி, ரேங்க்-எல் வந்தால் பிடித்து உட்காரவைத்துக்கொள்ளும். சேதி எங்கும் போகாது, ஃபைல் நகராது, பெல் அடிக்காது. ஓ.பி. அடிப்பதாலேயே ஊருக்கு உபகாரம் செய்யும் ஒரே ஊழியர்.

1998-ல் ஓபிஜி இல்லாத எலிகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். எலும்பு சல்லடையானது. போதாக்குறைக்குப் பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்தது. எலும்பில் இருக்க வேண்டிய சரக்கு ரத்தக்குழாயில்!

மருத்துவ மாணவி, மதுரை: பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைக்கும் என்று படித்தோம். அதுவும் எலும்பரிப்பானின் பெல்லைத்தானே அழுத்த வேண்டும்?

தேர்வில் இப்படி எழுதி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அந்த ஹார்மோனுக்கான ஏற்பி இருப்பது கொத்தனாரிடமும், எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட்டிடமும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் ஹார்மோன் அவர்கள் காதில் ஊதும். அவர்கள் ரேங்க்-எல்லைக் கூட்டி, ஓபிஜியைக் குறைப்பார்கள். பிறகுதான் எலும்பரிப்பான் படை கிளம்பும். வைட்டமின் டி போகும் பாதையும் அதுவே.

புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட்டை லேசாக எண்ண வேண்டாம். வளர்ந்த எலும்பில் ரேங்க்-எல்லின் பெரும் முதலாளி அதுதான் என்று 2011-ல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் காட்டின. கட்டிய சுவருக்குள்ளேயே தங்கிவிட்ட பழைய கொத்தனார் அது. எந்தச் செங்கல் ஆடுகிறது என்று அதற்குத் தெரியாதா?

விதிவிலக்கு கால்சிடோனின். அதற்கு எலும்பரிப்பான் மேலேயே நேரடி பெல் உண்டு; அடித்தால் ‘வேலையை நிறுத்து’. சால்மன் மீனின் கால்சிடோனின் மனிதனுடையதைவிட வீரியமானது. மீன் கையில் நம் பெல் எப்படி என்று கேட்காதீர்கள், பரிணாமம் பதில் சொல்லும்.

அதே மாணவி: எலும்பைக் கரைக்கும் அந்த ஹார்மோனின் துண்டையே எலும்பு வளர ஊசியாகப் போடுகிறார்களே?

டெரிபாரடைடு. 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாள் முழுக்கக் கத்தினால் கொத்தனார் இடிக்க ஆள் கூப்பிடுவார். தினம் ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்தால் அவரே கரண்டியை எடுப்பார். மேஸ்திரிகளுக்குத் தெரிந்த ரகசியம்தான்.

தாலுகா அலுவலக ஊழியர், உசிலம்பட்டி: பெல் அடித்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

உங்களுக்குப் புரியும்படிச் சொல்கிறேன். ஃபைல் நகர்கிறது. டிராஃப்-6 மனுவை வாங்கும். கப்பா-பியும் சி-ஃபாஸும் சிபாரிசு எழுதும். கடைசிக் கையெழுத்து என்ஃபேட்-சி1. இதுதான் தலைமை அதிகாரி என்று 2002-ல் தெரிந்தது. இவர் தன் மரபணுவைத் தானே முடுக்கிவிட்டுப் பெருகுவார். தன் பதவி உயர்வுக்குத் தானே கையெழுத்துப் போடும் அதிகாரம்!

ஆனால் ஒரு செக் வைத்திருக்கிறார்கள். டாப்-12, எஃப்சிஆர்-காமா என்ற இரண்டு துணைப் புரதங்களைத் தாங்கிய வேறு ஏற்பிகளும் கூடவே சைகை காட்ட வேண்டும். வங்கி லாக்கர் மாதிரி, மேனேஜர் சாவி ஒன்று, நம் சாவி ஒன்று. அந்த இரண்டு புரதமும் இல்லாத எலிகளில், ரேங்க் பெல் ஒழுங்காக இருந்தும் எலும்பு கரையவில்லை என்று 2004-ல் காட்டினார்கள்.

பாத்திரக்கடைக்காரர், நாச்சியார்கோவில்: அவ்வளவு கெட்டியான எலும்பை எப்படிக் கரைக்கிறது?

நீங்கள் பித்தளைக்குப் புளி போடும் முறைதான். எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்து, சுற்றிலும் கசியாமல் ‘சீல்’ வைத்துக்கொண்டு, அடியில் அமிலத்தைப் பீய்ச்சும். அமில அளவு, பி.எச். 4.5 சுமார். தாது கரைந்ததும், மிஞ்சிய நாரை வெட்டக் கதெப்சின்-கே என்ற நொதி.

அந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்கள் குட்டையாக வளர்வார்கள், எலும்பு எளிதில் முறியும். பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக்குக்கு இந்த நோய்தான் என்று ஊகித்த மருத்துவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. ஓவியர் வாதாட வரப்போவதில்லை.

சூப் கடை ரசிகர், திண்டுக்கல்: ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு பலப்படும்தானே?

ருசி பலப்படும். எலும்பின் கால்சியம் வெறும் வெந்நீரில் மசியாது; அமிலம் வேண்டும் என்று இப்போதுதானே சொன்னேன். எலும்பரிப்பானுக்குத் தெரிந்த பக்குவம் சூப் கடைக்காரருக்குத் தெரியவில்லை. குடியுங்கள், ஆனால் மிளகுக்காகக் குடியுங்கள்.

புராணப் பிரியர், திருவண்ணாமலை: எலும்பரிப்பானே இல்லாவிட்டால் ததீசி முனிவர் மாதிரி வஜ்ர எலும்பு கிடைக்குமே?

கிடைப்பது சாக்பீஸ் எலும்பு. 1904-ல் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் என்ற ஜெர்மன் எக்ஸ்ரே மருத்துவர் விவரித்த நோய் அது. பளிங்கெலும்பு நோய் என்பார்கள். பழையதைப் பெயர்க்காமல் புதியதைப் பூசிக்கொண்டே போனால் அடர்த்தி ஏறும், உறுதி ஏறாது. மஜ்ஜைக்கு இடமில்லாமல் ரத்தசோகை. மண்டையோட்டுத் துளைகள் நெருக்கிப் பார்வை நரம்பு நசுங்கும். பல் முளைக்க வழி கிடைக்காது. 1999-ல் ரேங்க்-எல் மரபணுவை நீக்கிய எலிகளுக்கு இதே கதி.

ததீசிக்கு எலும்பரிப்பான் நன்றாகவே வேலை செய்திருக்க வேண்டும்.

பயிற்சி மருத்துவர், வேலூர்: பளிங்கெலும்பு நோய்க்கு மஜ்ஜை மாற்றினால் எல்லோருக்கும் குணமாகுமா?

கேள்வி கூர்மை. பழுது பெல்லிலா, விரலிலா என்று பாருங்கள். பெல் இருப்பது எலும்பரிப்பானிடம். அது மஜ்ஜை வம்சம். மாற்றினால் பலன் உண்டு. ரேங்க்-எல் மரபணு கெட்டிருந்தால் விரல் இல்லை. விரல் கொத்தனாருடையது, மஜ்ஜையை எத்தனை முறை மாற்றினாலும் விரல் முளைக்காது.

கைக்குழந்தையின் தாய், நாகர்கோவில்: ரேங்க்-எல்லுக்கு எலும்பைத் தவிர வேறு வேலை இல்லையா?

மூன்று இலாகா அம்மா. அதை நீக்கிய எலிகளுக்கு நிணநீர்க் கணுக்களும் உருவாகவில்லை. தாய் எலிகளின் பால் சுரப்பி வளரவில்லை. குட்டிகளுக்குப் பால் இல்லை. எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கவும் பால் சுரப்பியை வளர்க்கவும் ஒரே ஆள் என்பதை நினைத்துப் பார்த்தால், பாலில் கால்சியம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

கோழிப்பண்ணைக்காரர், நாமக்கல்: என் கோழிகளுக்கும் இதெல்லாம் உண்டா?

உங்கள் முட்டையே இதில்தான் ஓடுகிறது. முட்டையிடும் கோழி, கால் எலும்பின் உள்ளே ஒரு தற்காலிக எலும்பைச் சேமித்து வைக்கும். இரவில் ஓடு கட்டும்போது எலும்பரிப்பான் அதைக் கரைத்துக் கொடுக்கும். ஆம்லெட் போடும்போது ஓட்டைத் தூக்கி எறிகிறீர்களே, அதில் கொஞ்சம் கோழியின் கால்.

தலைமை ஆசிரியை, தேவகோட்டை: மாதவிடாய் நின்றதும் எலும்பு ஏன் தேய்கிறது?

ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை ரேங்க்-எல்லை அடக்கியும் ஓபிஜியை ஊக்கியும் வகுப்பை அமைதியாக வைத்திருந்தது. டீச்சர் வெளியே போனால் வகுப்பு என்ன ஆகும்? உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கவலையுள்ள அப்பா, கோவை: மகள் பல்லுக்கு கிளிப் போட்டிருக்கிறாள். இரும்பு எப்படிப் பல்லை நகர்த்துகிறது?

இரும்பு நகர்த்தவில்லை, அழுத்தம் மட்டும் கொடுக்கிறது. அழுந்தும் பக்கம் செல்கள் ரேங்க்-எல்லை நீட்ட, எலும்பரிப்பான் வந்து வழி வெட்டும். பின்பக்கம் கொத்தனார் பூசிக்கொண்டே வருவார். நீங்கள் டாக்டருக்குக் கொடுக்கும் பீஸில் அவர்களுக்குப் பங்கு இல்லை.

பல்லாடும் பெரியவர், பரமக்குடி: எனக்குக் கிளிப் இல்லாமலே நகர்கிறதே?

ஈறு நோயாக இருக்கும். கிருமியை எதிர்க்க வந்த நோயெதிர்ப்புப் படையும் கையோடு ரேங்க்-எல்லைக் கொண்டுவரும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். முடக்குவாத மூட்டிலும் இதே கூத்து. வீக்கம் எங்கே, எலும்பு எங்கே என்றிருந்த இரு துறைகளையும் சேர்த்து 2000-ல் ‘ஆஸ்டியோஇம்யூனாலஜி’ என்று பெயர் சூட்டினார்கள். நீங்கள் முதலில் பல் டாக்டரைப் பாருங்கள். துறையின் பெயரை அப்புறம் மனப்பாடம் செய்யலாம்.

விண்வெளிக் கனவுக்காரர், மகேந்திரகிரி: எடையே இல்லாத இடத்தில் எலும்புக்கு ஓய்வுதானே?

ஓய்வு கொடுத்தால் ஆள்குறைப்பு! சுமை இல்லை என்று ஆஸ்டியோசைட் கண்டுபிடித்து ‘இவ்வளவு எலும்பு எதற்கு?’ என்று இடிக்கச் சொல்லிவிடும். சுமை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் காலி. அதனால்தான் விண்வெளி வீரர்கள் அங்கேயும் தினமும் உடற்பயிற்சி செய்கிறார்கள். சோபா வீரர்களுக்கும் இது பொருந்தும்.

அலுவலகத் தியாகி, அம்பத்தூர்: எங்கள் மேனேஜர் ‘எலும்பை எண்ணிடுவேன்’ என்கிறார்.

எண்ணட்டும். 206 வந்தால் கணக்கு சரி.

நூலகர், சிவகங்கை: புற்றுநோய் ஏன் எலும்பைத் தேடிப் போகிறது?

விதையும் மண்ணும் பொருந்தினால் முளைக்கும் என்று 1889-லேயே எழுதினார் ஸ்டீபன் பேஜட். முன்பு சொன்ன பேஜட் நோயை 1877-ல் விவரித்த ஜேம்ஸ் பேஜட்டின் மகன். எலும்பில் வந்து இறங்கும் மார்பகப் புற்றுச் செல் தானாக எலும்பைக் கரைப்பதைவிட, கொத்தனாருக்குத் தூபம் போட்டு ரேங்க்-எல்லைக் கூட்டச் செய்வதுதான் அதிகம். எலும்பு கரைந்தால் அதில் பொதிந்த வளர்ச்சிச் சத்து வெளியேறும், அதைத் தின்று புற்று வளரும், மறுபடி தூபம். அப்பா எலும்பைப் பார்த்தார், மகன் புற்றைப் பார்த்தார். இரண்டும் சந்தித்த இடம் ரேங்க்.

மருந்துக்கடைக்காரர், விழுப்புரம்: இவ்வளவு தெரிந்தும் மருந்து இல்லையா?

உங்கள் ஃப்ரிட்ஜிலேயே இருக்கலாம், டெனோசுமாப். ரேங்க்-எல்லைப் பிடித்துக்கொள்ளும் செயற்கை எதிர்ப்புரதம். சுருக்கமாக, கம்பெனியில் தயாரித்த ஓ.பி.! 60 முதல் 90 வயதுள்ள 7,868 பெண்களிடம் மூன்று ஆண்டு சோதித்து 2009-ல் முடிவு வெளியானது. முதுகெலும்பில் புது முறிவு 68 சதவீதம் குறைந்தது, இடுப்பு முறிவு 40 சதவீதம். 2010-ல் அனுமதி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தோலுக்கடியில் 60 மில்லிகிராம்.

ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டி, ஸ்ரீரங்கம்: நான்கு ஊசி ஆயிற்று, உடம்பு தேவலை. போதும் என்று நிறுத்திவிடலாமா தம்பி?

என்னைத் தம்பி என்றதற்காகவே உண்மையைச் சொல்கிறேன். கூடவே கூடாது பாட்டி, நீங்களாக.

ஊசி இருக்கும்வரை எலும்பரிப்பான் அடங்கிக் கிடக்கும், சாகவில்லை. 2021-ல் சிட்னியின் கார்வன் ஆய்வு நிலையத்தில், உயிருள்ள எலியின் எலும்பைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். பூதச் செல் வேலை முடிந்ததும் மடிவதற்குப் பதில் சின்னச் சின்னதாகப் பிரிந்து, மறுபடி ஒன்றுகூடிப் பூதமாகிறது. ‘ஆஸ்டியோமார்ஃப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரேங்க்-எல்லைத் தடுத்து வைத்தால் இந்தத் துண்டுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. தடை விலகினால் கும்பலாகத் திரும்புகின்றன. மனிதர்களில் ஊசியைத் திடீரென்று விட்டவர்களில் சிலருக்கு ஒரே நேரத்தில் பல முதுகெலும்புகள் முறிந்ததுண்டு.

நிறுத்தத்தான் வேண்டுமென்றால் டாக்டரிடம் கேளுங்கள். பின்னாலேயே வேறு மருந்து கொடுத்து எலும்பரிப்பானை அடக்கி வைப்பார். பல் பிடுங்கப் போனால் இந்த ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. இப்போதைக்கு ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள்: பூஜை அறையில் தொங்கும் காலண்டரில், கடைசி ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தைத் திருப்பி, அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள்.